பாத்ரூமுக்கு வெளியே ஒரு சுவிட்ச்

தினேஷ்,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உன்னிடம் எதையும் முழுதாகச் சொல்லி முடிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நான் வாயைத் திறந்து விஷயத்துக்கு வருவதற்குள் "அம்மா, ஒரு நிமிஷம், இன்னொரு கால் வருது" என்பாய். அந்த ஒரு நிமிஷம் மறுநாள் சாயங்காலம்தான் முடியும். அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. படித்துவிட்டு என் மருமகள் ரேவதியிடமும் கொடு. உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்து, உன்னைப் போலவே வேலைக்காகப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் குடிபோன நம் காலடிப்பேட்டைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்பினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர்களும் இப்போது அப்பா அம்மா இருக்கிற வீட்டை இடித்து அழகு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். அப்பா பாத்ரூமில் விழுந்ததிலிருந்து நீ ஒரே முடிவாக இருக்கிறாய். அந்த வீடு இனி சரிப்படாது, இரண்டு பேரும் கேளம்பாக்கம் வந்துவிடுங்கள், எங்கள் அடுக்குமாடியிலேயே உங்களுக்கு ஒரு வீடு பார்த்துவிட்டேன், மாசக் கடைசியில் வண்டி வரும் என்கிறாய். அப்பாவும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. வீடு சரியில்லை என்கிறாயே, அவரை விழவைத்தது வீடு இல்லை. நீ அந்தப் பாத்ரூமில் போட்ட லைட். உன் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல மனசு வராமல் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்னும் மூடிக்கொண்டிருந்தால் வீட்டையே காலி பண்ண வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உன் கல்யாணப் பரபரப்பில் நீ பாதியை மறந்திருப்பாய். பெண் வீட்டார் நம் வீட்டில் வந்து தங்குவார்கள் என்று ஆனதும் உனக்கு மண்டபத்தைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை, நம் பாத்ரூமைப் பற்றித்தான் கவலை. நியாயமான கவலைதான், நான் மறுக்கவில்லை. உப்புக் காற்றில் பொரிந்துபோன சுவர், மெட்ரோ தண்ணீர் பிடித்துவைக்கிற நீல டிரம், துருப்பிடித்த குழாய், எண்ணூர்ப் பக்கத்துக் கரித்தூள் அப்பிய வென்டிலேட்டர் கண்ணாடி, மேலே ஒற்றை டியூப்லைட். அதுவும் சுவிட்சைப் போட்டவுடன் எரியாது, கொஞ்ச நேரம் கண்சிமிட்டிவிட்டுத்தான் எரியும். விருந்தாளி வந்தால் நானே அந்தக் கதவைச் சாத்திவைப்பேன். அதனால் நீ "அம்மா, நான் பாத்துக்கறேன், நீ எதுலயும் தலையிடாத" என்றபோது சந்தோஷமாகத் தலையிடாமல் இருந்தேன். நீ போனில் படம் படமாக அனுப்பினாய். எல்லாப் படத்திலும் பாத்ரூம் பளபளவென்று இருந்தது. ஒன்றில்கூட ஆள் இல்லை, ஈரம் இல்லை, ஒரு பக்கெட் இல்லை. யாரும் குளிக்காத பாத்ரூம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நீ வைத்த ஆள் நம் வீட்டுப் படியே ஏறவில்லை. நீ எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்தே பிளான் போட்டுக் கொடுத்துவிட்டார். தரையிலும் சுவரிலும் கறுப்பு டைல்ஸ். மேலே ஃபால்ஸ் சீலிங், அதில் பதித்த சின்னச் சின்ன விளக்குகள். முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னால் சுற்றிலும் தேன் நிறத்தில் ஒரு வெளிச்சம். குளிக்கிற இடத்தை மறைத்துக் கண்ணாடியிலேயே ஒரு தடுப்பு. சுவிட்ச் கிடையாது. கதவைத் திறந்தால் தானே எரியும், ஆள் அசைவு இல்லையென்றால் தானே அணையும். வெளிச்சுவரில் இருந்த பழைய சுவிட்சைப் பிடுங்கி, அந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். "சுவிட்ச் எங்கடா?" என்று போனில் கேட்டேன். "இப்பல்லாம் யாரும்மா சுவிட்ச் போடறாங்க?" என்று சிரித்தாய். அழகாக இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். எதிர் வீட்டுக் காதர் பாயின் சம்சாரம் வந்து கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, ஓட்டல் ரூம் கணக்கா கீது" என்றாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஹார்பரில் கிரேன் ஓட்டிய காலமெல்லாம் வெளிநாட்டுக் கப்பல் கேபினை எட்டிப் பார்த்துவிட்டு வந்து நமக்குக் கதை சொன்னவர், இப்போது தன் வீட்டிலேயே அப்படி ஒன்று இருக்கிறது என்று டீக்கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கல்யாணம் முடிந்தது, வந்தவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பாத்ரூமில் தினமும் குளிக்க வேண்டியவர்கள் நானும் அப்பாவும்தான் என்பது அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. முதல் தொந்தரவு, சீலிங்கை இறக்கிப் போட்டதில் வென்டிலேட்டர் மேலே மறைந்துபோனது. வெளியே வெயில் கண்ணைக் கூசும், உள்ளே அமாவாசை. அந்தச் சின்ன விளக்குகள் விடுகிற கொஞ்ச வெளிச்சத்தையும் கறுப்பு டைல்ஸ் குடித்துவிடும். தரையில் தண்ணீர் நிற்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று காலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி முன்னால் போய் நின்றால் வெளிச்சம் உச்சந்தலையில் விழுந்து, கண்ணுக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் நிழல் கட்டும். அப்பா சவரம் செய்துகொண்டு கீறல் இல்லாமல் வெளியே வந்த நாள் குறைவு. எனக்கோ அந்தத் தேன் வெளிச்சத்தில் எது பவுடர், எது தோல் என்றே தெரியாது. ராயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது உன் அத்தை மண்டப வாசலிலேயே என்னை நிறுத்தி, "இன்னா அண்ணி, மாவு மில்லுலேர்ந்து நேரா வர்றியா?" என்று கேட்டாள். பந்தி முடியும் வரைக்கும் சிரித்தார்கள். தண்டையார்பேட்டை எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக்கிங்கில் நின்று காலத்தை ஓட்டியவள் நான். மஞ்சள் வெளிச்சத்தில் வைத்து நூலின் நிறம் பார்த்தால் சூப்பர்வைசர் கையிலிருந்து துணியைப் பிடுங்கிவிடுவார். துணிக்குப் பார்த்ததை என் முகத்துக்குப் பார்க்காமல் விட்டேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது அந்தச் சுவிட்ச். நம் பழைய பாத்ரூம் கதவுக்கு ஏன் தாழ்ப்பாளே இல்லாமல் இருந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? நீ ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாய். உப்புக் காற்றில் துருவேறி இறுகிப்போன தாழ்ப்பாள், போட்டதோடு சரி, திறக்கவில்லை. நீ உள்ளே கத்துகிறாய், நான் வெளியே கத்துகிறேன். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து தோளால் இடித்துக் கதவை உடைத்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றித் தூக்கி எறிந்தார். "இனிமே இந்த வூட்ல பாத்ரூமுக்குத் தாப்பா வேணாம். லைட்டு எரிஞ்சா உள்ள ஆள் கீதுன்னு அர்த்தம். எரியலன்னா தொறந்துக்கோ. அவ்ளோதான்" என்றார். அன்றிலிருந்து நம் வீட்டுச் சட்டம் அதுதான். வென்டிலேட்டரில் வெயில் வழிகிற மத்தியானத்திலும் வெளியே சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். கரண்ட் இல்லாவிட்டால் கதவின் மேல் துண்டைத் தொங்கவிடுவோம். நீ காலேஜ் போகிற வயசில் குளிக்க உள்ளே போனால் வெளியே வரவே மாட்டாய். அப்பா வெளியிலிருந்து சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவார், நீ உள்ளேயிருந்து திட்டுவாய். அந்தச் சட்டம் உனக்காக வந்தது. அதன் மேல் சிமெண்ட் பூசவைத்ததும் நீதான். பூசும்போது உனக்கும் நினைவு வரவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

புதுக் கதவில் பளபளவென்று ஒரு தாழ்ப்பாள் வைத்தாய். விருந்தாளிகள் போட்டுக்கொண்டார்கள், நாங்கள் தொடவில்லை. பழக்கம் அப்படி. சென்சார் இருப்பது முகம் பார்க்கிற கண்ணாடிக்கு மேலே. அப்பா உட்கார்ந்து குளிப்பது தடுப்புக்கு அந்தப் பக்கம், பிளாஸ்டிக் ஸ்டூலில். மூட்டுவலி வந்தபிறகு அவரால் நின்று குளிக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது அந்தச் சென்சாருக்குத் தெரியாது. தலை நனைவதற்குள் லைட் அணைந்துவிடும். எழுந்து தடுப்பைத் தாண்டி வந்து கையை ஆட்டினால் எரியும். மறுபடி உட்கார்ந்தால் மறுபடி அணையும். ஆரம்பத்தில் அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "கைய காட்னாதான் எரியுது, பஸ்ஸ நிறுத்துற மாறி கீது" என்று தலையைத் துவட்டிக்கொண்டே வருவார். பையனிடம் சொல்லுங்கள் என்றால், "வுடுமே, ஆசையா செஞ்சி குட்துகீறான். கொற சொன்னா மனசு கஷ்டப்படுவான்" என்பார். நானே ஒரு தரம் உன்னிடம் சொன்னேன். "அது டைமிங் செட்டிங்மா, வர்றப்ப பாக்கறேன்" என்றாய். வந்தாய், பிரியாணி சாப்பிட்டாய், போய்விட்டாய்.

அன்றைக்குக் காலையில் தெரு அடிபம்பில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நான் குடம் பிடித்துக்கொண்டு திரும்பியபோது பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது, கதவுக்குக் கீழே துளி வெளிச்சம் இல்லை. உள்ளே ஆள் இல்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். எத்தனை வருஷப் பழக்கம். டீக்கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்து உலை வைத்தேன். வாசலில் மீன்காரம்மா வந்தாள். வஞ்சிரத்துக்குப் பேரம் பேசினேன், அவள் வெட்டிக் கொடுக்கும் வரைக்கும் நின்று ஊர்க்கதை பேசினேன். சோறு வடித்து, குழம்பு கொதித்து இறக்கின பிறகு, மீன் வாடை போகக் கை கழுவலாம் என்று பாத்ரூம் கதவைத் திறந்தேன். திறந்ததும் லைட் எரிந்தது. நீ அனுப்பின படத்தில் இருந்தது போலவே, கண்ணாடியைச் சுற்றித் தேன் நிறத்தில் அவ்வளவு அழகாக எரிந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா தரையில் கிடந்தார். முகத்தில் சோப்பு காய்ந்து போயிருந்தது. லைட் அணைந்ததும் கண்ணெல்லாம் சோப்போடு கையை ஆட்ட எழுந்திருக்கிறார். அந்தக் கறுப்புத் தரையில் காலை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. டிரம்மில் மோதி இடுப்பு அடிபட விழுந்து, மூச்சு அடைத்துக் குரல் எழும்பவில்லை. "உன் கொரலு கேட்டுகினேதான் இருந்துச்சு. கூப்ட்டேன். நீ மீனுக்குப் பேரம் பேசிகினு இருந்த" என்று பிறகு சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மீன் வாங்கவே பிடிக்கவில்லை.

என்னால் அவரைத் தூக்க முடியவில்லை. "யாரையும் கூப்டாத, துணிய எடு" என்றார். ஈர உடம்பில், கிடந்த கோலத்தில் வேட்டியைச் சுற்றவும் என்னால் ஆகவில்லை. வேறு வழியில்லாமல் காதர் பாயைக் கூப்பிட்டேன். அவர் கதவுக்கு வெளியிலேயே நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தன் தோள்துண்டை நீட்டினார். "போத்திட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவரும் ஓர் ஆட்டோக்காரரும் தூக்கிக்கொண்டு போனபோது தெருவே வாசலில் நின்றது. அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. வலியில் இல்லை, வெட்கத்தில். மணிக்கட்டு எலும்பில் விரிசல், இடுப்பில் ரத்தக்கட்டு, வேறொன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நீ ஓடி வந்தாய், அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அழுது முடித்ததும் எப்படி விழுந்தார் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்த வீடு இனிமே வேணாம்மா" என்றாய். என்னைப் பேச விடாமல் அங்கேயே நின்று வீட்டுத் தரகருக்குப் போன் போட்டாய்.

கட்டுப் பிரித்தபிறகும் அப்பா அந்தப் பாத்ரூமுக்குள் குளிக்கப் போகவில்லை. கக்கூஸ் தனியாக இருப்பதால் அந்த மட்டுக்கும் தப்பித்தோம். குளிப்பதற்குப் பதில் பின்வாசலில் உட்கார்ந்து ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொள்வார். ஷிப்ட் முடிந்து வந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி தண்ணீரை வாரி வாரி ஊற்றிக்கொண்டு குளித்த மனுஷர். நான் பக்கத்தில் வந்து நிற்கிறேன், தைரியமாகப் போய்க் குளியுங்கள் என்றால், "நான் இன்னா கொயந்தையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். காதர் பாய் வந்தால் தூங்குவது போலப் படுத்துக்கொள்வார். நீ கேளம்பாக்கம் என்றதும் அவர் சரி என்றது அந்த இடம் பிடித்துப்போய் இல்லை. இந்தத் தெருவில் முகம் காட்டக் கூசியதால். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான் தினேஷ். ஒரு மனுஷர் தான் வாழ்ந்த தெருவை விட்டு ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார், நீ அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறாய். போதாததற்கு, எங்களுக்காகப் பார்த்த வீட்டை நீ பெருமையாக வீடியோ எடுத்து அனுப்பினாயே, அதை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்தப் பாத்ரூமிலும் கறுப்புத் தரை. அதிலும் கண்ணாடிக்குப் பின்னால் தேன் வெளிச்சம். நீ உள்ளே நுழைந்ததும் லைட் தானே எரிகிறது. ஒரு வீட்டில் அவரை விழவைத்ததையே இன்னொரு வீட்டில் வாடகை கொடுத்து வாங்கித் தருகிறாய், அதுவும் ஒன்பதாவது மாடியில்.

அந்த வீடியோவைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் ரஹீமைக் கூப்பிட்டேன். நீ அனுப்பிய பிளானை வைத்து நமக்கு லைட் போட்டுக் கொடுத்த அதே தண்டையார்பேட்டை எலக்ட்ரீஷியன். "ஏம்பா, தடுப்புக்கு அந்தாண்ட குந்திகினு கீற ஆளு இந்தச் சென்சாருக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியாதுக்கா, கண்ணாடித் தடுப்புக்கு அந்தாண்ட அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான், ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி. "அத்த போடும்போதே சொல்றதுக்கு இன்னா?" என்றேன். "உன் பையன் வாட்ஸப்ல படம் போட்டு இத்த மாறியே வேணும்னாரு. நான் இன்னாத்துக்குக்கா நடுவுல வாயக் குடுக்கணும்?" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவன் மேல் கோபம், போட்டோ பார்த்துப் பிளான் போட்டவர் மேல் கோபம், உன் மேல் கோபம். மூன்று பேரில் ஒருத்தராவது அந்த ஸ்டூலில் ஒரு தரம் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். அதனால் ரஹீமையே உட்காரவைத்தேன். பேண்ட் சட்டையோடு உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொள் என்றேன். "பேஜாரு பண்ணாதக்கா" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தான். நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் லைட் அணைந்தது. உள்ளே ஸ்டூல் நகர்கிற சத்தமும், எதிலோ இடித்துக்கொள்கிற சத்தமும் கேட்டது. வெளியே வந்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டே, "சுவிட்ச் எந்தப் பக்கம் வேணும்?" என்று கேட்டான்.

இப்போது நான் செய்துவைத்திருப்பதைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கும் உதவும். சென்சாரைக் கழற்றியாகிவிட்டது. வெளிச்சுவரில் பழைய இடத்திலேயே சுவிட்ச் வந்துவிட்டது. வென்டிலேட்டரை மறைத்த சீலிங்கை அந்த அளவுக்கு வெட்டி எடுத்து, கண்ணாடியில் இருந்த கரியையும் ரஹீமைவிட்டே துடைக்கவைத்தேன். பகலில் வருகிற வெளிச்சத்தைக் காசு கொடுத்து மறைத்தவர்கள் நாம்தான். குளிக்கிற இடத்துக்கு நேர் மேலே, ஈரமும் உப்பும் உள்ளே போகாதபடி முழுக்க மூடிய விளக்கு ஒன்று. நம் காற்றுக்குத் திறந்த விளக்கு எதுவும் தாங்காது, மழைக்காலம் ஒன்று போனால் பச்சை பூத்துவிடும். அதில் வெள்ளை வெளிச்சம், ஆனால் கண்ணைக் குத்துகிற நீலவெள்ளை இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. உள்ளங்காலைத் தினமும் திருப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அவர் அதைச் செய்வது குளிக்கும்போதுதான், அங்கே சிவந்த இடம் சிவப்பாகவே தெரிய வேண்டும். முகம் பார்க்கிற கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் முகத்தின் உயரத்தில் ஒவ்வொரு விளக்கு. இப்போது தாடையிலும் நிழல் இல்லை, என் பவுடரிலும் திட்டு இல்லை. தரையோரம் ஒரு சின்ன விளக்கு, தூக்கக் கலக்கத்தில் எழுந்து போனால் கண் கூசாமல் கால் வைக்கிற இடம் தெரியும். மேல் விளக்குக்கு இன்வெர்ட்டர் லைனையும் கொடுத்தாகிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் நீ போட்ட தேன் வெளிச்சத்தை நான் எடுக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். அழகுக்கு அது எரியட்டும், வேலைக்கு மற்றது எரியட்டும். நாளைக்கு உங்கள் வீட்டிலும் ஒரு பாத்ரூமைத் திருத்துவீர்கள். அப்போது லைட் எங்கே வேண்டும் என்று வாசலில் நின்று யோசிக்காதே. முகத்தில் சோப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து யோசி. யார் குளிக்கப் போகிறார்களோ அவர்களையும் ஒரு வார்த்தை கேள்.

எல்லாம் போட்டு முடித்தும் அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் என்பாட்டுக்குக் குளித்துவிட்டு வந்தேன். முந்தாநாள் காலையில் தேரடிப் பக்கம் காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன், பாத்ரூம் சுவிட்ச் போட்டிருக்கிறது. கதவுக்குக் கீழே வெளிச்சம். உள்ளே பக்கெட்டில் மக் இடிக்கிற சத்தம். பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன். கூப்பிடவில்லை, கதவைத் தட்டவில்லை. அழுதேன், அதைச் சொல்வதற்கு என்ன வெட்கம். அவர் நிதானமாகக் குளித்து முடித்து, தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார். "இன்னாமே, அங்கியே நின்னுகினு கீற? பசிக்குது" என்றார். சாயங்காலம் தானாகவே டீக்கடைக்குப் போனார். திரும்பி வரும்போது காதர் பாயும் கூட வந்தார், இரண்டு பேரும் வாசலில் நின்று பேசிச் சிரிக்கிற சத்தம் உள்ளே கேட்டது.

இனிமேல் வண்டி வேண்டாம் என்று நினைத்து நிம்மதியானேன். நேற்று அவர் சாப்பிடும்போது, "ஒனுக்கு கேளம்பாக்கம் போணுமா?" என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "புள்ளகிட்ட சரின்னு சொல்லிட்டேனேமே. அவன் வூடெல்லாம் பாத்து வச்சிகீறான்" என்றார். "நான் அத்த கேக்கல. போணுமா, வேணாமா?" என்றேன். பிசைந்த சோற்றைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு, "வேணாந்தான். அவன்கிட்ட அத்த எப்டி சொல்றது?" என்றார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், உள்ளே உட்கார்ந்து தன் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

உன் அப்பாவுக்கு உன்னிடம் மட்டும் முடியாது என்று சொல்ல வராது தினேஷ். ஹார்பரில் மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார், யூனியன் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார், என்னிடம் பொழுது விடிந்தால் சொல்கிறார். நீ பைக் கேட்டபோது சொல்லவில்லை. படிப்பைப் பாதியில் மாற்றுகிறேன் என்றபோது சொல்லவில்லை. அத்தனை தூரத்தில் போய் வீடு வாங்குகிறேன் என்றபோது, அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாரே தவிர உன்னிடம் சொல்லவில்லை. நீ இன்னொரு தரம் கேட்டால் இன்னொரு தரமும் சரி என்பார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவார். அதனால் அவரிடம் கேட்காதே. என்னிடம் கேள். நாங்கள் வரவில்லை.

அம்மா